‘உனக்குப் பாட்டு வராது’

(பள்ளிக் கலைச் செயல்பாடுகளுக்குப் பொறுப்பேற்றுள்ள ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பள்ளியில் போடும் இசை நாடகத்துக்கு மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இசை ஆசிரியர் அல்ல. நாடகம் படித்தவளும் அல்ல. அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நம் பள்ளிகள் பலவற்றில் நடப்பதுபோல, ‘தமிழம்மா இருக்காங்களே, அவங்க பாத்துக்குவாங்க’ என்று ஆண்டு விழா நாடகம் என் பொறுப்புக்கு வந்தது. முதலில் வேண்டாவெறுப்பாகச் செய்தேன். பிறகு அதுவே எனக்குப் பிடித்த வேலையாகிவிட்டது. உங்களிடம் சொல்ல என்னிடம் பெரிய உத்திகள் இல்லை. நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

40 நிமிடம், 40 பிள்ளைகள்

அந்த ஆண்டு மனுநீதிச் சோழன் கதையை இசை நாடகமாகப் போடுவது என்று முடிவு செய்தோம். கன்றை இழந்த பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கும் கதை. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. வசனத்தை நானே எழுதினேன். கும்மி மெட்டிலும் தெம்மாங்கு மெட்டிலும் ஏழெட்டுப் பாட்டுகள் கட்டினோம். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், நடிக்க விருப்பமுள்ளவர்கள் எட்டாம் வகுப்பு அறைக்கு வரலாம் என்று சொல்லியிருந்தேன். ஏறத்தாழ 40 பேர் வந்து நின்றார்கள். நான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கையில் ஒரு தாளும் சிவப்பு மைப் பேனாவும் வைத்துக்கொண்டு, ‘அடுத்தது... அடுத்தது...’ என்று கூப்பிட்டேன். பள்ளி விடும் மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். 40 நிமிடம், 40 பிள்ளைகள்.

அந்த வரிசையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றான். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் பிள்ளைகளில் ஒருவன். ஆனால் தனியாக நின்று பாடிக் காட்டுவது அவனுக்கு அதுதான் முதல்முறை. இளவரசன் பாடும் பாட்டைக் கேட்டு வாங்கி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, ஒரு வாரம் பாடிப் பார்த்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மேசைக்கு முன்னால் வந்து நின்றான். முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாம் அடியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. கீச்சென்று ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து கட்டைக் குரலில் ஓர் ஒலி. வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைப்பதற்காகத் தாளைப் பார்த்தபடியே சொன்னேன்: “சரி, போதும்ப்பா. உனக்குப் பாட்டு வராது. குடிமக்கள் கூட்டத்துல நின்னுக்கோ. அடுத்தது யாரு?”

இரண்டு வாரம் கழித்து உடற்கல்வி ஆசிரியர் கேட்டார், “என்னம்மா, அந்தப் பையன் மைக் பக்கமே வரதில்லையே, உடம்பு சரியில்லையா?” அதுவரை நான் கவனிக்கவே இல்லை. ஒத்திகைக்கும் அவன் வந்திருக்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். “நீங்கதானம்மா பாட்டு வராதுன்னு சொன்னீங்க” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பாடத்தில் நான் சொல்லிக்கொடுத்த ஒரு விடையைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னான்.

நாம் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பவே பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். வகுப்பறையில் அது நமக்கு வசதி. அன்றைக்கு அதன் விலை எனக்குத் தெரிந்தது.

அந்தக் குரலுக்கு என்ன ஆயிற்று?

பாட்டுகளுக்கு மெட்டு சரிபார்க்க, வள்ளி திருமணம் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த ஒரு பெரியவர் எங்கள் பள்ளிக்கு வருவார். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அது மகரக்கட்டும்மா. பையனுக்குக் குரல் போகல. வேற குரல் வந்துக்கிட்டிருக்கு” என்றார்.

மகரக்கட்டு என்பது நாடகக்காரர்களின் சொல். வளரிளம் பருவத்தில் குரல் உடைவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் ஆகின்றன. பையன்களின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குகிறது. பெண் பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு. அது சிறியது, சில மாதங்கள் குரலில் காற்று கலந்து வரும், ‘என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?’ என்று கேட்டுவிட்டு நாம் போய்விடுவோம். பையன்களுக்குப் பெரும்பாலும் 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் இது நடக்கும். சிலருக்குச் சில மாதங்களில் அடங்கும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இந்த வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு, எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகள். நாம் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும் அதே வகுப்புகள்.

அந்தப் பையன் முந்தின ஆண்டு 5 கட்டையில் எளிதாகப் பாடியவன். அதே சுருதியில்தான் அன்றைக்கும் தொடங்கினான். உடம்பு மாறிக்கொண்டிருப்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சுருதியை இறக்கிக் கொடுத்து, மேலே ஏறாத ஒரு பாட்டைக் கொடுத்திருந்தால் பாடியிருப்பான். பாடத் தெரியாத பிள்ளை என்று நான் தள்ளியது, வளர்ந்துகொண்டிருந்த ஒரு பிள்ளையை.

நாடகக் கம்பெனியும் பள்ளிக்கூடமும்

பெரியவர் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு பழைய பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் படித்தேன். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களே எல்லா வேடங்களிலும் நடித்த குழு அது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சண்முகம் அவர்கள் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. ஒலிபெருக்கி இல்லாத காலம். உச்சக் குரலில் பாடினால்தான் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும். அப்படிப்பட்ட கம்பெனிகளில் ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு மகரக்கட்டு வந்தால், வேடம் கைமாறிவிடும். அது அவர்கள் தொழில். டிக்கெட் வாங்கியவர் முன்னால் குரல் உடைந்தால் அன்றைய வசூல் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நமக்கு அந்த நெருக்கடி இல்லை. நம் ஆண்டு விழாவுக்கு யாரும் டிக்கெட் வாங்கி வருவதில்லை. கம்பெனிக்கு நாடகத்துக்காகப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்காக நாடகம் தேவைப்படுகிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான் நான் அன்றைக்கு மேசைக்குப் பின்னால் ஒரு கம்பெனி முதலாளிபோல உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பழைய கம்பெனியிலிருந்தே இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ‘அபிமன்யு சுந்தரி’ என்ற நாடகத்தைச் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவன் சண்முகத்துக்காகவே ஒரே இரவில் எழுதினார். ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற தம் நூலில் சண்முகம் இதைச் சொல்கிறார். நாடகத்துக்கு ஏற்ற பிள்ளையைத் தேடுவது ஒரு வழி. பிள்ளைக்கு ஏற்றபடி நாடகத்தை எழுதுவது இன்னொரு வழி. ஒரே இரவில் ஒரு முழு நாடகம் எழுத நம்மால் ஆகாது. ஒரு பாட்டின் சுருதியை இறக்க ஆகும். ஒரு பாத்திரத்தைப் புதிதாகச் சேர்க்க ஆகும்.

அடுத்த ஆண்டு மாற்றியவை

அடுத்த ஆண்டு தேர்வை வேறு மாதிரி நடத்தினேன். எதுவுமே செலவில்லாதது. சொல்கிறேன், உங்கள் பள்ளிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு பாட்டை எல்லா வகுப்புக்கும் சொல்லிக்கொடுத்தேன். நடிக்க விரும்புகிறவர், விரும்பாதவர் எல்லாரும் கற்றார்கள். வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையில் இருந்த தூரம் இதனால் கொஞ்சம் குறைந்தது. எத்தனை அடி பாட வேண்டும், யார் கேட்பார்கள், மறந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னேன். மறந்தால் மறுபடியும் தொடங்கலாம், அவ்வளவுதான். அதைச் சொன்னதுமே பல முகங்கள் தெளிந்தன.

இரண்டாவது, வரிசையை எடுத்துவிட்டேன். ஐந்து ஐந்து பேராக வரச் சொன்னேன். வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. முதலில் ஐவரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு ஒவ்வொருவராக. ஐந்து நாள், மதிய இடைவேளையில் 20 நிமிடம். மேசையையும் தள்ளிப் போட்டுவிட்டுத் தரையில் அவர்களோடு உட்கார்ந்தேன். சிவப்பு மைப் பேனாவை எடுத்துப் போகவில்லை.

மூன்றாவது, சுருதி. பிள்ளை நமக்கு வசதியான சுருதியில் பாட வேண்டியதில்லை. பிள்ளைக்கு எது வசதி என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கும் நண்பனைக் கூப்பிடச் சொல்வேன். அந்தக் குரல் எங்கே நிற்கிறதோ, அதற்குச் சற்றுக் கீழே இருந்து தொடங்கச் சொல்வேன். கைப்பேசியில் சுருதிப் பெட்டிச் செயலி போதும். ஏழு முதல் பத்து வரை படிக்கும் பையன்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: “குரல் உடைஞ்சா பயப்படாதே. இந்த வயசுல எல்லாருக்கும் உடையும். எனக்குக் கேக்க வேண்டியது நீ எப்படி அந்தச் சொல்லைப் பாடறேங்கிறதுதான்.” கத்திப் பாட வைக்காதீர்கள், அதே நேரத்தில் பாடுவதை நிறுத்தவும் சொல்லாதீர்கள்.

நான்காவது, இரண்டாம் முறை. ஒவ்வொரு பிள்ளையும் பாடி முடித்ததும் ஒரே ஒரு சிறு திருத்தம் சொல்லி, மறுபடியும் பாடச் சொல்வேன். ‘இந்த அடியை அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சொல்வதுபோலப் பாடு’ என்பதுபோல. முதல் முறை கேட்பது பெரும்பாலும் பயத்தின் குரல். இரண்டாம் முறைதான் பிள்ளையின் குரல் வரும். சொன்னதைக் காதில் வாங்கி மாற்றிப் பார்க்கிற பிள்ளை யார் என்பதும் அப்போதுதான் தெரியும். ஒத்திகைக்கு அதுதான் வேண்டும்.

ஐந்தாவது, முடிவைச் சொல்லும் முறை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் கிடைக்காத பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிடுவேன். ‘உனக்கு வராது’ என்ற சொல்லை அடியோடு விட்டுவிட்டேன். ‘இந்த முறை இந்தப் பாத்திரம் உனக்கு இல்லை’ என்று சொல்வேன், காரணத்தையும் சொல்வேன். பொய்யாகப் புகழ்வதில்லை. பிள்ளைகளுக்குப் பொய் தெரிந்துவிடும். ‘சொல் தெளிவா இருந்துச்சு, தாளம் ஓடுது. தினமும் கை தட்டிப் பாடிப் பாரு’ என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பசுவைக் கூப்பிட்ட பெண்

அந்த ஆண்டு வந்தவர்களில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மொத்தமே 20 பேர் படித்த தொடக்கப் பள்ளியிலிருந்து எங்களிடம் வந்தவள். வகுப்பில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் அம்மா’ என்று அவள் சொல்வது பக்கத்துப் பிள்ளைக்குத்தான் கேட்கும். முந்தின இரண்டு நாளும் அறை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஐவரும் சேர்ந்து பாடியபோது உதடு அசைந்தது. தனியாகப் பாட வேண்டிய முறை வந்தபோது ஒன்றும் வரவில்லை. பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். முந்தின ஆண்டாக இருந்தால் ‘சரி, போ பாப்பா’ என்று சொல்லியிருப்பேன். இந்த முறை காத்திருந்தேன். அதுவும் பலிக்கவில்லை. நேரம் போகப் போக அவளுக்கு இன்னும் பயம் கூடியதுதான் மிச்சம். வெறுமனே காத்திருப்பதும் பிள்ளைக்குச் சுமைதான் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“வீட்ல மாடு இருக்கா கண்ணு?” என்று கேட்டேன். தலையாட்டினாள். “மேயப் போன மாட்டை எப்படிக் கூப்பிடுவே?”

ஒரு நிமிடம் யோசித்தாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “லச்சுமீ... ஏ லச்சுமீ...” என்று கூப்பிட்டாள். அடுத்த அறையில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

பாட்டுப் பாடும் பாத்திரம் எதையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. சுருதியில் நிற்க அவளுக்கு இன்னும் பழக்கம் வேண்டியிருந்தது. அதை அவளிடமே சொன்னேன். நாடகத்தில் முரசறைந்து அரச ஆணையைச் சொல்லும் ஆள் ஒருவனைப் புதிதாகச் சேர்த்தேன். நாலு வரி வசனம். பையன்தான் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அந்தக் காலத்திலேயே முடிந்தது நமக்கு முடியாதா?

விழா நாளில் அவள் மூன்றாவது வரியை மறந்துவிட்டு முதல் வரியையே மறுபடியும் சொன்னாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் இன்றைக்குப் பெரிய கலைஞர் ஆகிவிட்டாள் என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். விழா முடிந்த திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்தேன். அவள் சொன்ன ‘உள்ளேன் அம்மா’ கடைசி பெஞ்சு வரை கேட்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

போட்டி வரும்போது

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கலைத் திருவிழா என்றால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி இருக்கிறதே, அங்கே நன்றாகச் செய்கிற பிள்ளையைத்தானே அனுப்ப முடியும்? ஆமாம். போட்டிக்குத் தேர்ந்தெடுப்பது தவறே இல்லை. திறமையுள்ள பிள்ளைக்கு அந்த மேடை கிடைத்தாக வேண்டும். ஆனால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல முடியாத காரணத்தால் ஒரு பிள்ளையை விலக்கினால் அந்தக் காரணத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது.

ராணி வேடம் என்றால் சிவப்பாக இருக்கும் பிள்ளை. ராஜா என்றால் உயரமான பையன். நடனம் என்றால் ஆடை வாங்கப் பணம் கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை. எல்லா நிகழ்ச்சிக்கும் நன்றாகப் படிக்கும் அதே நாலு பேர். இவற்றை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, பிள்ளைகளுக்குத் தெரியும். நானும் அப்படிப் பட்டியல் போட்டவள்தான். இப்போது ஒவ்வோர் ஆண்டும் பட்டியலை ஒட்டுவதற்கு முன்னால் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, ‘இதில் யார் இல்லை என்று பாருங்கள்’ என்று கேட்கிறேன். யார் இருக்கிறார்கள் என்பதைவிட அது பயனுள்ள கேள்வி.

ஆண்டு விழா நாடகத்தில் கேட்ட எல்லாருக்கும் வேலை கொடுக்க முடியும். மணி அடிப்பது, திரை இழுப்பது, பின்பாட்டு, ஒப்பனை, வசனம் எடுத்துக்கொடுப்பது. ஆறுதலுக்காகக் கொடுக்கிற வேலையாக அது இருக்கக் கூடாது. மணி சரியான நேரத்தில் அடிக்காவிட்டால் மனுநீதிச் சோழன் நாடகமே இல்லை.

முடிக்கும் முன்

அந்த எட்டாம் வகுப்புப் பையன் என்ன ஆனான் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். குரல் உடைவது என்றால் என்ன என்று உட்கார வைத்துச் சொன்னேன். “சரிங்கம்மா” என்றான். அடுத்த ஆண்டு நாடகத்துக்குக் கூப்பிட்டேன். “நான் ஸ்கிரீன் இழுக்கறேன்மா” என்றான். நன்றாக இழுத்தான். பத்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை பள்ளியில் அவன் பாடவே இல்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு என் வண்டியைப் பழுது பார்க்க ஒரு கடைக்குப் போனேன். உள்ளே யாரோ குனிந்து வேலை செய்துகொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல கனமான குரல். சுருதி பிசகாமல் வந்தது. நிமிர்ந்தபோதுதான் அவன் என்று தெரிந்தது. “வாங்கம்மா, நல்லா இருக்கீங்களா?” என்று அன்பாகக் கேட்டான், நாற்காலி எடுத்துப் போட்டான், தேநீர் வாங்கிவரச் சொன்னான். பாட்டை மட்டும் நிறுத்திவிட்டான். நான் அங்கே இருந்த அரை மணி நேரமும் பாடவில்லை.

அடுத்த வாரம் உங்கள் பள்ளியிலும் ஒரு பிள்ளை, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பாட்டை எழுதிக்கொண்டு, உங்கள் முன்னால் வந்து நிற்கும். நாற்பதில் அது உங்களுக்கு ஒன்று. பிள்ளைக்கு அது முதல் முறை. தாளைப் பார்க்காமல் அதன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இரண்டாம் முறை பாடச் சொல்லுங்கள்.